பூஜைக்கு முன் பெயின்ட் வேண்டாம்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம், வாழையிலைக்கும் காப்பிப் பொடிக்கும் தமிழர்கள் தேடிப் போகிற தெருக்களில் ஒன்றில், எண்பது வயதான ஒரு வீட்டின் தரைத்தளத்தில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். துர்கா பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது படுக்கையறைக்குப் புதிதாக பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துக் கொடுத்தார்கள். இளமஞ்சள் நிறம். விரல் வழுக்கும் மினுமினுப்பு. மார்ச் மாதம் வந்தபோது, கட்டிலின் தலைமாட்டுக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் உப்பிக்கொண்டு நின்றது. அமுக்கினால் அமுங்கியது. ஊக்கால் ஒரு குத்துக் குத்தினேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் வடிந்தது. தோலை உரித்ததும் உள்ளேயிருந்து கோலமாவு போல வெள்ளைப் பொடி தலையணையில் கொட்டியது. ஆர்வக்கோளாறில் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. (நீங்கள் வைத்துப் பார்க்க வேண்டாம்.)

வீட்டுக்காரம்மாவைத் தெருவே மாசிமா என்று கூப்பிடும். நம் ஊரில் சித்தி என்பது போல. அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே சொல்லில் நோயின் பெயரைச் சொன்னார்: “நோனா.” உப்பு என்று பொருள். “வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறோம், வருஷா வருஷம் வருது. எங்க மாமனார் காலத்துல இப்படி இல்ல.”

கடைசி வாக்கியத்தை வயதானவர்களின் வழக்கமான புலம்பல் என்று அன்று தள்ளிவிட்டேன். அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான தகவல் அதுதான் என்று பிடிபட நாளாயிற்று.

மண்பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தான் அது குளிர்கிறது. செங்கல் சுவரும் நிமிர்த்தி வைத்த ஒரு மண்பானைதான். உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகள். கொல்கத்தாவில் இந்தப் பானை நிற்கும் இடம் வேறு விசேஷமானது. கங்கையும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்மீது கட்டிய நகரம் அது. சராசரியாகக் கடல் மட்டத்திலிருந்து ஆறு மீட்டர் உயரம்கூடச் சரியாகத் தேறாது. தோண்டினால் கல் கிடைக்காது, களிமண்தான். அந்தக் களிமண்ணையே சுட்டுச் செங்கல்லாக்கி அதன்மேலேயே வீடு கட்டினார்கள். ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டரை ஒட்டி மழை. ஜூன் இரண்டாம் வாரம் நுழையும் பருவமழை, அக்டோபர் இரண்டாம் வாரம் வாக்கில்தான் ஊரைவிட்டுக் கிளம்பும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நிலத்தடி ஈரம் செங்கல்லில் ஏறும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். ஒரு மைக்ரான் ஆரமுள்ள குழாயில் தண்ணீர் ஏறக்கூடிய உயரத்தைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 15 மீட்டர் வருகிறது. நல்லவேளை, எந்த வீட்டிலும் ஓதம் நான்காவது மாடிக்குப் போவதில்லை. ஏறுகிற தண்ணீர் வழிநெடுகச் சுவரின் முகம் வழியாக ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் இடுப்பளவிலோ மார்பளவிலோ வரவும் செலவும் சரிக்குச் சரி ஆகிவிடும். ஓதத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது, அது எவ்வளவு சுலபமாக வெளியே போக முடிகிறது என்பதுதான். வெளியேறும் வழியை அடைத்தால் அது மேலே ஏறும்.

இது தெரியாமல் நாம் செய்யும் முதல் வைத்தியம், கீழ்ச்சுவரில் மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டுவது. இல்லையென்றால் சிமென்ட் பூசுவது. கொல்கத்தாவிலும் சரி, மயிலாப்பூரிலும் சரி, இரண்டாம் வருஷம் டைல்ஸுக்கு மேலே நாலாவது அடியில் காரை உதிரும். தண்ணீர் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தண்ணீர் மட்டும் ஏறினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது மண்ணிலும் செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் பறந்துவிடும், உப்பு தங்கிவிடும். இந்த உப்புகளில் மோசமானது சோடியம் சல்பேட். ஈரமிருந்தால் 32.4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது பத்து மூலக்கூறு தண்ணீரை உடம்பில் ஏற்றிக்கொண்ட படிகமாக உட்காரும். அதற்கு மேலே சூடானால் தண்ணீரை உதறிவிட்டுச் சுருங்கும். இரண்டு வடிவத்துக்கும் பருமனில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இப்போது கொல்கத்தாவின் ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் 36, இரவில் 26. அந்த 32 டிகிரிக் கோட்டைச் சுவர் தினமும் இரண்டு தடவை தாண்டுகிறது. ஊசிமுனையளவு துளைக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு படிகம் தினமும் வீங்கிச் சுருங்கினால் செங்கல் எத்தனை நாள் தாங்கும்? பழைய வீடுகளின் வெளிச்சுவரில் சாந்து முன்துருத்தி நிற்க, செங்கல் மட்டும் குழிந்து, யாரோ கரண்டியால் சுரண்டித் தின்றது போல இருக்குமே, அது இந்த உப்பின் வேலை.

சரி, மாமனார் காலத்தில் ஏன் இப்படி இல்லை? அப்போதும் அதே மண், அதே மழை, அதே சுவர். பூஜைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் அப்போதிருந்தே வருகிற வழக்கம்தான். அடித்த பொருள்தான் வேறு. அவர் காலத்தில் அடித்தது சுண்ணாம்பு. வங்காளியில் அந்த வேலைக்கே சூன்காம் என்று பெயர், சுண்ணாம்பு வேலை.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரிக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி நீறாகும். தண்ணீர் விட்டால் கொதித்துக் குழம்பாகும். சுவரில் அடித்ததும் காற்றிலிருந்து பழைய கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். இந்தக் கடைசிக் கட்டம் நடக்க ஈரம் தேவை. வாயு தண்ணீரில் கரைந்துதான் சுண்ணாம்போடு சேர முடியும். வறண்ட சுவரில் அடித்த சுண்ணாம்பு கல்லாகாமல் பொடியாகவே நின்று சட்டையில் ஒட்டும். அதனால்தான் நம் ஊரிலும் வெள்ளையடிக்குமுன் சுவரில் தண்ணீர் தெளிப்பார்கள்.

ஆக, நான்கு மாத மழையில் ஊறி, இன்னும் ஈரம் வற்றாத செப்டம்பர் கடைசிச் சுவர், சுண்ணாம்புக்கு வாய்த்த சுவர். மழைக்காலத்தில் பிடித்த பூஞ்சையையும் அதன் காரம் கொன்றுவிடும். கல்லான பிறகும் சுண்ணாம்புப் படலம் துளை நிறைந்தது, உள்ளே இருக்கும் ஈரம் அதன் வழியாகத் தாராளமாக வெளியே போகும். உப்பும் வெளியே வந்து முகத்தில் பூக்கும். அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த வருஷம் மறுபடி அடிப்பார்கள். மாமனார் காலத்தில் உப்பு இல்லாமல் இல்லை; அது வந்துபோக வாசல் திறந்திருந்தது.

நம் போகிக்கு வீட்டை வெள்ளையடிக்கும் வழக்கத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். தமிழ்நாட்டின் பெருமழை வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மழை ஓய்ந்த சூட்டோடு, தை பிறக்குமுன் சுண்ணாம்பு. அங்கே மழை முடியும் நேரத்தில் பூஜை, இங்கே மழை முடிந்த கையோடு பொங்கல். இரண்டு ஊர்ப் பண்டிகைகளும் மழைக்கால முடிவில் ஈரச்சுவருக்குச் சுண்ணாம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. யாரோ முனிவர் ஆராய்ச்சி செய்து பண்டிகைக்கு நாள் குறித்தார் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மாதிரிக் கதைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பொருளும் காலமும் பொருந்தியதால் வழக்கம் நிலைத்தது, அவ்வளவே.

பிறகு பொருள் மாறிவிட்டது. காலம் மாறவில்லை. எமல்ஷன் என்பது பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இழைந்து உண்டாகும் மெல்லிய தோல். காய்ந்த சுவரில் பிரமாதமாக நிற்கும். ஈரச்சுவரில், கோடை வெயில் பட்டதும் உள்ளே ஆவி கிளம்பி வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலைத் தூக்கும். அதன் பின்னாலேயே உப்பு படிகமாகி நெம்பும். என் தலைமாட்டுக் கொப்புளம் உண்டானது இப்படித்தான். அதைச் சரிசெய்ய வந்த ராஜமிஸ்திரி (அங்கே கொத்தனாருக்கு அதுதான் பெயர், கொஞ்சம் ராஜமரியாதையான பெயர்) முர்ஷிதாபாத்காரர். கரணையின் கைப்பிடியால் சுவரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். ‘டக்’ என்றால் காரை ஒட்டியிருக்கிறது. ‘டொப்’ என்றால் கழன்றிருக்கிறது. டொப் வந்த இடத்தையெல்லாம் கரியால் வட்டம் போட்டார். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இந்திய வரைபடம் போல ஆயின. “பூஜைக்கு முன்னாடி அடிச்சா பூஜைக்கு அழகா இருக்கும். சரஸ்வதி பூஜைக்கு உரிய ஆரம்பிக்கும்” என்றார். சரஸ்வதி பூஜை அங்கே ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். நாலு மாத உத்தரவாதம்.

அப்படியென்றால் எப்போது அடிப்பது? மழை விலகியதும் வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கும். டிசம்பர், ஜனவரியில் மழை அநேகமாக இல்லை. மழைக்காலத்தில் எண்பதுக்குக் கீழே வர மனமில்லாத ஈரப்பதம், பிற்பகல்களில் ஐம்பதை ஒட்டி இறங்கும். ஊறிய சுவர் காய, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கட்டடங்களோடு பழகியவர்களின் கைக்கணக்கு. அக்டோபர் நடுவிலிருந்து எண்ணினால், ஜனவரிக்கு முன்னால் எமல்ஷன் டப்பாவைத் திறக்கவே கூடாது. பூஜைக்குள் வீடு பளிச்சென்று இருந்தாக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பை ஏன் விட்டோம் என்பதும் நியாயமான கேள்விதான். சாய்ந்தால் முதுகில் ஒட்டும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஏற்கெனவே எமல்ஷன் இருக்கும் சுவரில் முழுக்கச் சுரண்டாமல் அடித்தால் பிடிக்கவும் பிடிக்காது.

இனி மொட்டை மாடி. அங்கே கணக்கு வேறு, காலம் வேறு.

வங்காளத்துப் பழைய கூரைக்கு ஜொல்சாத் என்று பெயர், நீர்க்கூரை. உத்திரங்கள், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கும் மேல் தட்டை ஓடு. இந்த அடுக்குக்குக் கொடி-பர்கா என்பார்கள். அதன்மேல் சுண்ணாம்பு 2 பங்கு, சுர்க்கி 2 பங்கு, செங்கல் ஜல்லி 7 பங்கு கலந்து கொட்டி, பதத்துக்கு வெல்லப்பாகு விட்டு, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கத் தாளம் வேண்டும்; தாளத்துக்குப் பாட்டு வேண்டும். கூரை அடிக்கும் பாட்டு என்றே வங்காளத்தில் ஒரு நாட்டுப்பாடல் வகை உண்டு. நம் மெட்ராஸ் டெரஸும் இதன் ஒன்றுவிட்ட அக்காள்தான். இங்கே வெல்லத்தோடு கடுக்காய்த் தண்ணீரும் சேரும்.

பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு வேதியியலைப் பார்ப்போம். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீருக்கு அடியிலும் இறுகும் கலவையாகின்றன. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்ததை நாம் செங்கல் தூளை வைத்துச் செய்தோம். வெல்லம் சுண்ணாம்பு இறுகுவதைத் தாமதப்படுத்தி அடிக்க அவகாசம் கொடுக்கிறது, சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரையவும் வைக்கிறது. இறுகும்போது உண்டாகும் மயிரிழை வெடிப்புகளை அடி உடனுக்குடன் மூடுகிறது. அதையும் மீறிப் பின்னாளில் நுண்ணிய வெடிப்பு விட்டால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து தானாக அடைத்துக்கொள்ளும். சிமென்டும் இதைக் கொஞ்சம் செய்யும், இந்த அளவுக்கு இல்லை.

இன்றைய கான்கிரீட் தளம் இவ்வளவு பொறுமைசாலி அல்ல. சூடானால் விரியும்: ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர். கேட்க அற்பம்தான். பத்து மீட்டர் தளம், ஏப்ரல் மத்தியானத்தில் 60 டிகிரியைத் தொட்டு, அதிகாலையில் 25-க்கு வந்தால் மூன்றரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். தினமும் ஆற அமர நடக்கிற இந்த விஷயம், கால்பைசாகி வரும் நாளில் அரை மணியில் நடந்துவிடுகிறது. சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் திரண்டு வடமேற்கிலிருந்து பாய்ந்து வரும் இடிப்புயல் அது. மார்ச்சிலிருந்து மே வரை சாயங்காலங்களில் வானம் மசியாகி, தூசு எழும்பி, ஆலங்கட்டியோடு கொட்டும். மாலைக்குள் பத்து டிகிரி இறங்கினாலும் ஆச்சரியமில்லை. ஊரே பால்கனியில் நின்று ரசிக்கும். காய்ந்த தளத்தின்மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்து, கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் மெல்லிய வெடிப்பு விடுவது அப்போதுதான். ஜூனில் ஒழுகுகிற கூரை, உண்மையில் ஏப்ரலில் வெடித்த கூரை.

எனவே மாடிக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச் முதல் பாதி. தட்டோடுகளுக்கு இடையிலான சந்துகளையும் அந்த மூலையையும் பார்த்து அடைத்துவிட்டு, மேலே வெள்ளை அடித்துவிடுங்கள். மாடிக்கு அடிக்கும் வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பித் தளத்தின் சூட்டைக் குறைக்கும்; சூடு குறைந்தால் விரிவும் குறையும். கீழறையில் மின்விசிறி அனல் வீசாது என்பது உபரி லாபம்.

மழைநீர்க் குழாயின் வாயை மட்டும் கால்பைசாகிக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றோடு நகரைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன; இலையெல்லாம் மாடிகளில்தான் வந்து விழுந்தது. கைநிறைய வேப்பிலை போதும், நாலங்குலக் குழாயை அடைக்க. நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் அதன் எடை பத்து டன். மாடியில் இரண்டு யானைகளை ராத்திரி நிறுத்திவைக்க உங்களுக்குச் சம்மதமா?

2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் கொல்கத்தாவில் 250 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. மகாளயம் முடிந்து பூஜைக்குச் சில நாள்களே இருந்தன. எத்தனை வீடுகளில் பெயின்ட் இன்னும் காயாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மழையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். வீட்டுக்குள் ஓதம் ஏறும் சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால், மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ‘டி’ என்று போட்ட சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கினால் மின்சாரம் பட்டென்று போக வேண்டும். போகாவிட்டால் எலக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் தள்ளிப்போடலாம், இதைக் கூடாது.

சுவரில் முளைக்கும் அரசங்கன்று பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழம் தின்ற பறவை எச்சமிட, சன்னல் மேல்தட்டு இடுக்கில் முளைக்கும். கொல்கத்தாவில் ‘அபாயகரமான வீடு’ என்று மாநகராட்சி பலகை தொங்கவிட்ட வீடுகளில் பலவற்றின் தலையில் ஒரு முழு மரமே நிற்பதைப் பார்க்கலாம். இரண்டு இலை விடும்போது வேரோடு பிடுங்கினால் ஒரு நிமிட வேலை. இலையை மட்டும் ஒடித்தால் வேர் தடித்து அடுத்த வருஷம் சாந்தைப் பிளக்கும்.

இன்னொன்று: ஜூலையில் கதவு சாத்த வராது. தச்சரைக் கூப்பிட்டு இழைக்கத் தோன்றும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து ஊதும். ஒரு கதவுக்குச் சில மில்லிமீட்டர். நவம்பரில் தானே இளைத்துவிடும். ஜூலையில் இழைத்த கதவில் ஜனவரியில் விரல் நுழையும், கொசுவும் நுழையும். சோப்புக் கட்டியை ஓரத்தில் தேய்த்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

என் படுக்கையறைச் சுவரை மிஸ்திரி இடுப்பளவுக்குச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே விடச் சொன்னார். விருந்தினர் வந்தால் வெட்கமாக இருக்கும். வாரம் ஒருமுறை உப்பைத் துடைப்பத்தால் தட்டி அள்ளினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும் என்று எச்சரித்திருந்தார். பிப்ரவரியில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரை பூசி, வெள்ளையடித்தோம். அந்த அறை மட்டும் பெயின்ட் அடித்த மற்ற அறைகளைவிட மங்கலாக இருந்தது. மாசிமாவுக்கு அதில் வருத்தம்தான். நான் வீட்டைக் காலி செய்யும்வரை கொப்புளம் வரவில்லை. கீழே தரையோரம் உப்பு மட்டும் ஆண்டுதோறும் கொஞ்சம் பூத்துக்கொண்டிருந்தது.

உங்கள் சுவருக்கு எது நேரம் என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஓரடிச் சதுரமாகத் தடித்த பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால், பெயின்ட் டப்பா இன்னும் ஒரு மாதம் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும். அடுத்த மாதம் மறுபடி ஒட்டிப் பாருங்கள்.